கழித்தல் என்றால் எடுத்துவிடுவது மட்டும்தானா? அன்றாடம் எங்கே உதவுகிறது?

இல்லை. இருப்பதில் கொஞ்சம் எடுத்தால் மீதி எவ்வளவு என்பது கழித்தலின் ஒரு முகம்தான். இரண்டு எண்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பது இன்னொரு முகம். அன்றாடம் அதிகம் கைகொடுப்பது இதுதான். ஒருவரின் வயது, இருவரின் உயர வித்தியாசம், மீட்டரில் ஓடிய யூனிட் எல்லாமே இடைவெளிதான். அங்கே யாரும் எதையும் எடுப்பதில்லை.

இது பிடிபட்டால் மனக்கணக்கு எளிதாகிவிடும். 1003-இல் 997 போக எவ்வளவு? கடன் வாங்கவே வேண்டாம். 997-லிருந்து 1000-க்கு 3, அப்புறம் இன்னொரு 3, ஆக 6. 1000 − 637 என்றால் இரண்டிலும் ஒன்றைக் குறைத்து 999 − 636 ஆக்குங்கள். இடைவெளி மாறாது, விடை 363.

நேரக் கணக்கில் மட்டும் கவனம் வேண்டும். 9:15-இல் 7:40-ஐக் கழிக்கும்போது கடன் வாங்கும் ஒரு மணி என்பது 60 நிமிடம். 75-இல் 40 போக 35, எட்டில் ஏழு போக ஒன்று: 1 மணி 35 நிமிடம். தேதியில் வேறு சிக்கல். 12 முதல் 20 வரை விடுப்பு என்றால் 8 நாள் அல்ல, 9. முதல் நாளும் சேர்த்தி.

வரிசையும் முக்கியம்: 8 − 3 = 5, 3 − 8 = −5. ‘சின்ன எண்ணில் பெரிய எண்ணைக் கழிக்கவே முடியாது’ என்று குழந்தைகளுக்குச் சொல்லித்தர வேண்டாம். அப்படிக் கழிப்பதற்கான விதிகளை இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628-லேயே எழுதிவிட்டார்.