அந்தியில் கண்ட விலங்கு: தடமே சான்று

வணக்கம். மலைப்பாதையில் அந்தி நேரத்தில் சில நொடிகளே கண்ட விலங்கு பூனையினமா நாயினமா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் எடுத்த அவ்விலங்கின் மங்கலான படத்தைவிட, ஈரமண்ணில் நீங்கள் எடுத்த காலடித்தடப் படமே எனக்கு வலுவான சான்றாகப் படுகிறது. பூனையினங்கள் நடக்கும்போது நகங்களை உள்ளிழுத்துக்கொள்வதால் (சிவிங்கிப்புலி இதற்கு விலக்கு) தடத்தில் நகக்குறி பெரும்பாலும் பதிவதில்லை. உள்ளங்கால் திண்டின் பின்விளிம்பும் மூன்று மடல்களாகத் தெரியும். உங்கள் படத்தில் இவ்விரண்டும் இருப்பதால் அது பூனையினமே என்று கருதுகிறேன். எந்த இனம் என்று சொல்ல அளவு வேண்டும். அடுத்த முறை தடத்தின் அருகே ஒரு நாணயத்தை வைத்துப் படமெடுங்கள்.

ஒரு வேண்டுகோள்: படக்கோப்பிலேயே இருப்பிடத் தகவல் பதிந்திருக்கக்கூடும் என்பதால், அதை நீக்கிய பிறகே பொதுவெளியில் பகிருங்கள், வேட்டையாடுபவர்களும் அதைப் பார்க்கக்கூடும். உயிரினங்களைக் கண்டவர்கள் படத்துடன் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதிவதானால், அருகிவரும் இனங்களின் துல்லியமான இருப்பிடத்தை அத்தளமே மறைத்துவிடும்.