விண்வெளி வீராங்கனை ஆக ரூ.2.40 லட்சமா?

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன்னில் பயோ-மேத்ஸ் படிக்கிறாள். விண்வெளி வீராங்கனை ஆகவேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். அவள் பள்ளிக்கு வந்த ஒரு நிறுவனத்தார், ரூ.2.40 லட்சம் கட்டினால் நாசாவுக்கு அழைத்துப்போய்ப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் தருவதாகவும், பின்னாளில் இஸ்ரோ தேர்வில் அது கைகொடுக்கும் என்றும் சொல்கிறார்கள். நகையை அடகு வைத்துக் கட்டலாமா? அவள் கண்ணாடி போட்டிருக்கிறாள், பவர் மைனஸ் 1.5. இப்போதே லேசர் செய்துவிடலாமா?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: அம்மா, நகை பீரோவிலேயே இருக்கட்டும். லேசரும் இப்போது வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்று வந்த நாளிலிருந்து இந்த 'நாசா பயிற்சி' ஆசாமிகளைப் பற்றி யாராவது ஒருவர் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இவர்கள் கூட்டிப்போகும் இடம் பெரும்பாலும் புளோரிடாவில் இருக்கும் கென்னடி விண்வெளி மையத்தின் பார்வையாளர் வளாகம். டிக்கெட் வாங்கினால் நீங்களும் நானும் போகலாம். அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில் 'ஸ்பேஸ் கேம்ப்' என்று ஒன்று உண்டு. அதை நடத்துவது நாசா அல்ல, அங்குள்ள ஒரு ராக்கெட் அருங்காட்சியகம். சுற்றுலாவாகப் போய்வந்தால் பிள்ளைகளுக்கு நல்ல அனுபவம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே வாங்கிவரும் சான்றிதழுக்கு இந்தியாவில் எந்தத் தேர்விலும் அரை மார்க் கூடக் கிடையாது. தெருமுனையில் பிளெக்ஸ் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இஸ்ரோவே 'யுவிகா' என்று ஒரு முகாம் நடத்துகிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது, பைசா செலவில்லை. அதைப் பற்றி இந்த ஆசாமிகள் வாயே திறக்க மாட்டார்கள்.

நாசாவின் விண்வெளி வீரர் தேர்வுக்கு அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர் விண்ணப்பிக்கவே முடியாது. கல்பனா சாவ்லா கர்னாலில் பிறந்து சண்டிகரில் பொறியியல் படித்தவர். அமெரிக்கா போய், டாக்டர் பட்டம் வாங்கி, குடியுரிமையும் பெற்ற பிறகுதான் தேர்வானார். 2021-ல் அறிவித்த அணிக்கு 12,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். எடுத்தது 10 பேரை.

சரி, நம் நாட்டில்? இந்தியர்களை விண்வெளிக்கு அனுப்பும் இஸ்ரோவின் ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான நால்வரின் பெயரை 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள். நால்வருமே விமானப்படையின் டெஸ்ட் பைலட்டுகள், அதாவது விமானங்களை ஓட்டிச் சோதித்துப் பார்ப்பவர்கள். அவர்களில் அஜித் கிருஷ்ணன் நம் சென்னையில் பிறந்தவர். இன்னொருவரான சுபான்ஷு சுக்லா 2006-ல் விமானப்படை அதிகாரி ஆனார். 2025 ஜூனில்தான் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனார். 19 வருடம்! இடையில் போர் விமானம் ஓட்டி, டெஸ்ட் பைலட் ஆகி, பெங்களூரில் மருத்துவச் சோதனைகளைத் தாண்டி, ரஷ்யாவில் பயிற்சி எடுத்தார். இதில் எந்த இடத்தில் அந்த 2.40 லட்ச ரூபாய் சான்றிதழைச் செருகுவது?

இஸ்ரோவில் விஞ்ஞானியாகச் சேர்வது வேறு வழி, அதை இங்கே குழப்பிக்கொள்ள வேண்டாம். விண்வெளிக்குப் போக, இன்றைய நிலையில், முதலில் விமானப்படை பைலட் ஆக வேண்டும். பிளஸ் டூ முடித்ததும் என்.டி.ஏ., அதாவது தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான தேர்வு எழுதலாம். 2022 முதல் பெண்களையும் சேர்க்கிறார்கள், அவர்களுக்கு விண்ணப்பக் கட்டணம்கூட இல்லை. அதை விட்டால் டிகிரி முடித்து, விமானப்படையின் நுழைவுத் தேர்வான ஆஃப்கேட். இரண்டுக்குமே பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் வேண்டும். உங்கள் மகள் தப்பித்தாள். கணிதம் இல்லாத ப்யூர் சயின்ஸ் குரூப் எடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பத்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளையிடம் இதைச் சொல்ல எத்தனை பள்ளிகளில் ஆள் இருக்கிறது? ஒரே ஒரு தாளில், தமிழில், அச்சடித்துப் பள்ளிகளுக்கு அனுப்ப எந்தத் துறைக்கும் நேரமில்லை. அந்த இடைவெளியில்தான் ஏஜென்ட் நுழைகிறான்.

இப்போது கண். இதைப் பொறுமையாகப் படியுங்கள். கிட்டப்பார்வை உள்ளவரை விமானப்படை பைலட் பிரிவில் எடுப்பதில்லை, மைனஸ் 1.5 ஆனாலும்தான். லேசர் செய்து சரியாக்கினால் ஏற்பார்கள், ஆனால் 20 வயதுக்கு முன் செய்திருக்கக் கூடாது. அந்த வயதுவரை பவர் ஏறி இறங்கும். பதினேழு வயதில் லேசர் செய்துகொண்ட ஒரு பையனை அவன் அப்பா என்னிடம் கூட்டிவந்தார். பார்வை பளிச்சென்று இருந்தது, ஆனால் பைலட் கனவு போயிற்று. "மூணு வருஷம் காத்திருங்கள்" என்று சொல்ல அவர்களுக்கு ஒருவரும் இல்லை.

20-க்கு மேல் செய்தாலும் 12 மாதம் கழிய வேண்டும். கருவிழியின் தடிமன், கண்ணின் நீளம் எல்லாம் அளப்பார்கள். லேசருக்கு முன் பவர் எவ்வளவு இருந்தது என்றும் கேட்பார்கள், அதனால் இன்றைய கண் சீட்டிலிருந்து எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். என்.டி.ஏ.வுக்கு வயது வரம்பு 19½. ஆகவே உங்கள் மகளுக்கு அந்த வழியில் பைலட் பிரிவு கிடைக்காது. ஆஃப்கேட் பைலட் பிரிவுக்கு 20 முதல் 24 வரை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 20 முடிந்ததும் லேசர், 21-ல் தகுதி, அதன் பிறகு கையில் மூன்று வருடம். குறுகலான வாசல்தான், ஆனால் திறந்திருக்கிறது. விதிகளை அவ்வப்போது மாற்றுவார்கள். அந்த வருட அறிவிப்பை எடுத்துக்கொண்டு கண் டாக்டரிடம் போங்கள், 'ஆஃபர்' போடும் லேசர் சென்டருக்கு அல்ல. நிறக்குருடு இருக்கிறதா என்று மட்டும் இப்போதே பார்த்துவிடுங்கள். அதற்கு லேசர் கிடையாது.

இன்னொன்று. பைலட் திறனறியும் சி.பி.எஸ்.எஸ். சோதனையை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுத முடியும். "சும்மா ஒரு தடவை எழுதிப் பார்க்கட்டும்" என்று எந்தக் கோச்சிங் சென்டராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த நிறுவனத்துக்கு முன்பணம் ஏதும் கொடுத்துவிட்டீர்களா? அப்படியென்றால் ரசீதோடு எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். இழுத்தடித்தால் 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் செய்யுங்கள்.