கனத்த வண்டியும் நாற்பத்தொன்பது வயது இடுப்பும்

கேள்வி: எனக்கு வயது 49. திருநெல்வேலியில் வசிக்கிறேன், உயரம் 5 அடி 3 அங்குலம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நூறு சிசி வண்டியில்தான் அலுவலகம் சென்று வருகிறேன். மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். அவளைப் பார்க்க மாதம் ஒருமுறை மனைவியுடன் வண்டியிலேயே போய் வரலாம் என்ற எண்ணத்தில் ராயல் என்ஃபீல்டின் மீட்டியோர் 350 அல்லது சூப்பர் மீட்டியோர் 650, இரண்டில் ஒன்றை வாங்க விரும்புகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் வட்டு (டிஸ்க்) பிதுங்கி ஆறு வாரம் படுத்திருந்தேன். இப்போது வலி இல்லை. இருசக்கர வண்டி ஓட்டத் தடையில்லை என்று மருத்துவர் கூறிவிட்டார். என் மனைவியோ, "பின்னால் உட்காரப் போவது நான், என்னை யாரும் கேட்கவில்லையே" என்கிறார். வாங்கலாமா? எதை வாங்கலாம்?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: வாங்கலாம். 350-ஐ வாங்குங்கள். ஆனால் முன்பணம் கட்டுவதற்கு முன்பு உங்கள் இடுப்பிடமும் மனைவியிடமும் தனித்தனியே ஒப்புதல் பெற்றாக வேண்டும். இருவரில் யார் மறுத்தாலும் அந்த வண்டி வீட்டு வாசலில் தூசி படிந்து நிற்கும்.

650 ஏன் வேண்டாம் என்பதை முதலில் முடித்துவிடுகிறேன். 648 சிசி, இரண்டு சிலிண்டர், சுமார் 47 குதிரைத் திறன் என்று படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஓட்டிப் பார்த்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்பதையும் மறைக்கப் போவதில்லை. ஆனால் அதன் எடை 241 கிலோ. 350-இன் எடை 191 கிலோ. இடையில் உள்ள ஐம்பது கிலோ என்பது ஒரு முழு சிமென்ட் மூட்டை. நீங்கள் இத்தனை நாள் ஓட்டிய வண்டி நூற்றுப்பத்து கிலோவை ஒட்டியதாக இருக்கும் என்பதால், 350-க்கு மாறினாலே எண்பது கிலோ கூடுகிறது. அந்தக் கூடுதல் திறனையாவது பயன்படுத்துவீர்களா என்றால், நான்குவழிச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு 2018-இல் மத்திய அரசு அறிவித்த வேக உச்சவரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். 349 சிசி, 20.2 குதிரைத் திறன் கொண்ட சிறிய வண்டி இருவரை ஏற்றிக்கொண்டு அந்த வேகத்தில் முனகாமல் போகும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடாகக் குறைந்து, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 விழுக்காடாக உயர்ந்துவிட்டது. பயன்படாத திறனுக்கு இரட்டிப்பு வரி கட்டுவதை உங்களுக்குப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை.

தாழ்ந்த இருக்கையில் கால்களை முன்னே நீட்டி ஓட்டும் இந்தக் குரூசர் வகை வண்டிகளைப் பற்றிப் பேசுவோர் எல்லோரும் நெடுஞ்சாலையைப் பற்றியே பேசுகிறார்கள். இந்த வண்டிகள் ஆளைக் கவிழ்க்கும் இடம் நெடுஞ்சாலை அன்று. வீட்டு வாசலும் பெட்ரோல் பங்கும் தெருமுனைத் திருப்பமும்தான். வேகம் இருக்கும் வரை எந்தக் கனத்த வண்டியும் தானாகவே நிமிர்ந்து நிற்கும். மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்குக் கீழே வந்தவுடன் அந்த 191 கிலோவும் உங்கள் காலின் பொறுப்புக்கு வந்துவிடுகிறது. நான் என் வண்டியை முதன்முதலாகக் கீழே போட்டது ஒரு பெட்ரோல் பங்கில், நடை வேகத்தில். கைப்பிடியை முழுவதும் இடப்பக்கம் திருப்பிய நிலையில், குறுக்கே வந்த ஒருவருக்காக முன் பிரேக்கைச் சட்டென்று அழுத்தினேன். திரும்பியிருக்கும் சக்கரத்தை நிறுத்தினால் வண்டி நேராக நிற்காது. திரும்பிய பக்கமாகவே மடங்கிச் சாயும். ஒரு குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டிவிட்டால் பயில்வானாலும் அதைத் தாங்கிப் பிடிக்க இயலாது, பிடிக்க முயலவும் கூடாது. வட்டு பிதுங்கிய அனுபவம் உள்ள உங்களுக்கு இதை அழுத்தியே சொல்கிறேன்: சாய்ந்தால் விட்டுவிட்டு விலகி நில்லுங்கள். பெயின்ட்டில் விழும் கீறலை இருநூறு ரூபாயிலோ இரண்டாயிரம் ரூபாயிலோ சரிசெய்துவிடலாம். விழுந்த வண்டியைத் தனியாகத் தூக்கவும் வேண்டாம். அக்கம்பக்கத்தில் இருவரை அழைப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஆகவே மெதுவாக ஓட்டுவதைத்தான் முதலில் கற்க வேண்டும். வண்டி வந்த முதல் வாரம், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஆளில்லாத ஒரு திடலுக்குச் சென்று, க்ளட்சைப் பாதி விட்ட நிலையில் வைத்து, ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் பிடித்துக்கொண்டு, வேகத்தைப் பின் பிரேக்கால் மட்டுமே அடக்கி, மனிதர் நடக்கும் வேகத்தில் வட்டமடித்துப் பழகுங்கள். கண் தரையையோ முன் சக்கரத்தையோ பார்க்கக் கூடாது. எங்கே போக வேண்டுமோ அங்கே தலையைத் திருப்ப வேண்டும். முதல் நாள் எட்டு மீட்டர் அகலம் தேவைப்படும் திருப்பம், நான்காம் ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்த் தெரு அகலத்துக்குள் அடங்கிவிடும். நிறுத்தும் இடத்திலும் புதிய பழக்கம் ஒன்று வேண்டும். இந்த வண்டிகளுக்குப் பின்னோக்கிச் செல்லும் கியர் கிடையாது. சரிவில் மூக்கை உள்ளே விட்டு நிறுத்திவிட்டால், திரும்பி எடுக்கும்போது இடுப்புதான் விலை கொடுக்கும். எப்போதும் வெளியே பார்த்தபடி நிறுத்துங்கள். சென்டர் ஸ்டாண்டு போடும்போது கையால் தூக்காமல், ஸ்டாண்டின் மீது வலக்காலை ஊன்றி உடல் எடை முழுவதையும் அதில் இறக்குங்கள். வண்டி தானே ஏறிக்கொள்ளும்.

உங்கள் உயரம் இதற்குத் தடையன்று. 350-இன் இருக்கை உயரம் 765 மில்லிமீட்டர்; பல நூறு சிசி வண்டிகளைவிடக் கொஞ்சம் தாழ்வுதான். ஆயினும் ஷோரூமில் அந்த எண்ணை நம்பிவிடாமல், வழக்கமாக அணியும் காலணியுடன் ஏறி உட்கார்ந்து பாருங்கள். குரூசர் இருக்கை அகலமானது. தொடைகளை விரித்துவிடுவதால், எண்ணில் தெரியும் உயரத்தைவிட உண்மையில் சற்று உயரமாகவே இருக்கும். இரண்டு குதிகால்களும் தரையைத் தொடாவிட்டாலும் முன்பாதங்கள் உறுதியாக ஊன்ற வேண்டும்.

இனி இடுப்பு. "குரூசர் என்றால் சாய்வு நாற்காலி மாதிரி" என்று உங்களிடம் பலர் சொல்லியிருப்பார்கள். அந்தச் சாய்வு நாற்காலி பள்ளத்தில் இறங்கி ஏறாது என்பதை அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். சாதாரண வண்டியில் பாதங்கள் ஏறத்தாழ இடுப்புக்கு நேர்கீழே இருப்பதால், வேகத்தடையைக் கண்டவுடன் நாம் அறியாமலேயே கால்களில் எடையை ஏற்றி உடலை ஓர் அங்குலம் தூக்கிவிடுகிறோம். முழங்கால்கள் இரண்டும் ஸ்பிரிங்காக வேலை செய்கின்றன. குரூசரில் பாதங்கள் முன்னே போய்விடுகின்றன. எழ முடியாது. இடுப்பெலும்பு பின்னோக்கிச் சுழன்று, கீழ்முதுகின் இயல்பான வளைவு தட்டையாகிறது. அந்த நிலையில் வரும் ஒவ்வொரு அதிர்ச்சியும் இடுப்பெலும்பின் வழியாக நேரே வட்டுகளுக்குச் செல்கிறது. மீட்டியோர் 350-இல் கால்கள் மிதமாகத்தான் முன்னே நீள்கின்றன என்பதும், எஞ்சினுக்குள் சமன்படுத்தும் தண்டு ஒன்று வைக்கப்பட்டிருப்பதால் இதற்கு முன் வந்த தண்டர்பேர்டு வண்டியின் நடுக்கம் இதில் பெரிதும் குறைந்துவிட்டது என்பதும் ஆறுதலான செய்திகள். ஆனால் நடுக்கம் வேறு, குலுக்கல் வேறு. உங்கள் பகை குலுக்கல்தான்.

மருத்துவர் "இருசக்கர வண்டி ஓட்டலாம்" என்று சொன்னது நீங்கள் அப்போது ஓட்டிய வண்டியை நினைத்துத்தான் இருக்கும். மீண்டும் ஒருமுறை அவரைப் பார்த்து, கால்களை முன்னே நீட்டி அமர்ந்து பல மணி நேரம் ஓட்டுவதைப் பற்றிக் குறிப்பாகக் கேளுங்கள். அதன்பின் ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் கேட்கும்போது, கட்டடத்தைச் சுற்றி ஐந்து நிமிடம் விட்டு அனுப்புவதை ஏற்க வேண்டாம். நாற்பது நிமிடமாவது, அதில் பாதி மோசமான சாலையில், ஓட்ட வேண்டும். மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழும்போது உடல் என்ன சொல்கிறது என்பதே தீர்ப்பு. ஒருவேளை வலித்தால், அதே எஞ்சினைக் கொண்ட கிளாசிக் 350-ஐ ஓட்டிப் பாருங்கள். அதில் பாதங்கள் உடலுக்குக் கீழே வந்துவிடும், முதுகு நிமிரும். ஆனால் இருக்கை உயரம் 805 மில்லிமீட்டர். உங்கள் உயரத்துக்கு அது சற்று எட்டாக்கனி; இடுப்புக்கு நல்லது காலுக்கு ஆகவில்லை என்ற சங்கடம் அங்கே வரும். இரண்டையும் அடுத்தடுத்த நாள்களில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்வதே சரி.

உங்கள் மனைவியின் கேள்வி உங்கள் கேள்வியைவிடக் கூர்மையானது. குரூசர் வண்டிகள் பெரும்பாலும் ஓட்டுபவரை அரியணையில் அமர்த்திவிட்டு, பின்னால் இருப்பவருக்கு மணை போடுகின்றன. மீட்டியோரில் முதுகுத் தாங்கியுடன் கூடிய வகை உண்டு. விலை சற்று அதிகமானாலும் அதைத் தவிர வேறெதையும் நீங்கள் பார்க்கக் கூடாது. புடவையில் ஒருபக்கமாக அமர்வது உள்ளூரில் கோயில் வரை சரி. கோயம்புத்தூர்ப் பயணத்துக்குச் சுடிதார் அணிந்து இருபுறமும் கால் போட்டு அமர்வதே அவருக்கும் உங்களுக்கும் பாதுகாப்பு. ஒருபக்கமாக அமர்ந்தவரின் எடை நடுக்கோட்டை விட்டு விலகியிருப்பதால், நடை வேகத்தில் நான் மேலே சொன்ன சாய்வுக்கு அதுவே தூண்டுகோலாகிவிடும். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள தலைக்கவசம் இரண்டு வாங்குங்கள். அவருடையதை அவரே தேர்ந்தெடுக்கட்டும். இருவராகச் செல்லும்போது பின் சக்கரக் காற்றழுத்தத்தைக் கையேட்டில் உள்ளபடி கூட்டுவதோடு, பின் ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தையும் ஓரிரு படி ஏற்றிக்கொள்ள வேண்டும். பெரும்பாலோர் வண்டி வந்த நாள் முதல் அந்தப் படியைத் தொடுவதே இல்லை. பிறகு வண்டி தரைதட்டுகிறது என்று குறைப்பட்டுக்கொள்கிறார்கள்.

உங்கள் வழித்தடத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். கயத்தாறு பக்கம் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது அழகுக்காக அன்று. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று, வடக்கே செல்லும் உங்களை இடப்பக்கத்திலிருந்து தள்ளும். வண்டியை நீங்கள் அறியாமலேயே காற்றை நோக்கிச் சற்றுச் சாய்த்து ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். ஒரு லாரியை முந்தும்போது அது காற்றை மறைத்துவிடும். சாய்ந்திருந்த வண்டி திடீரென லாரியை நோக்கி இடப்பக்கம் இழுக்கும். லாரியைக் கடந்தவுடன் காற்று மறுபடியும் அறைந்து நடுத்தடுப்பை நோக்கித் தள்ளும். கைகளை இறுக்கிக்கொண்டால் நிலைமை கெடும். தோள்களைத் தளர்த்தி, காற்று வரும் பக்கத்துக் கைப்பிடியை மெல்ல முன்னே அழுத்தினால் வண்டி அந்தப் பக்கம் சாய்ந்து நேர்க்கோட்டுக்கு வரும். பழனி தாண்டி உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் போனால் பாலக்காட்டுக் கணவாயின் காற்று எதிரே வரும். அங்கே ஐந்தாவது கியரில் வண்டி மூச்சுவாங்கினால் கூச்சப்படாமல் நான்காவதுக்கு இறக்குங்கள். 350-இன் திறன் போதவில்லை என்று நீங்கள் நினைக்கக்கூடிய ஒரே இடம் அதுதான்.

பெட்ரோல் தொட்டி 15 லிட்டர் கொள்ளும். நிதானமாக ஓட்டினால் லிட்டருக்கு 30 கிலோமீட்டருக்குக் குறையாது. ஒருமுறை நிரப்பினால் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்துவிடலாம். உங்கள் இடுப்பின் தொட்டி அவ்வளவு பெரிதன்று. ஐம்பது, அறுபது கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கி நடந்தே தீர வேண்டும். கோவில்பட்டி, விருதுநகர், மதுரைப் புறவழிச்சாலை, திண்டுக்கல் என்று இடங்கள் தாமாகவே அமைந்திருக்கின்றன. கடலைமிட்டாய் வாங்கும் சாக்கில் பத்து நிமிடம் நடந்தால் முதுகு நன்றி சொல்லும்.

பராமரிப்பில் மிரள ஒன்றுமில்லை. செயினை 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் தெளியுங்கள். முதல் சர்வீஸைத் தவறவிடாதீர்கள். சைலன்சரை மாற்றச் சொல்லி நண்பர்கள் வற்புறுத்துவார்கள். அது சட்டப்படி குற்றம் என்பதோடு, பல மணி நேரம் அந்த ஓசைக்கு நேர்பின்னால் உட்கார்ந்திருக்கப் போவது உங்கள் மனைவி.

வண்டி வந்தவுடன் கோயம்புத்தூர் கிளம்பிவிட வேண்டாம். முதல் மாதம் தனியாக ஓட்டுங்கள். இரண்டாம் மாதம் மனைவியுடன் தென்காசி வரை சென்று, அன்றே திரும்புங்கள். போக வர நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். மேல்காற்றும் ஐப்பசி, கார்த்திகை மழையும் ஓய்ந்த தை மாதத்தில் பெரிய பயணத்தை வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்பாக, டெஸ்ட் டிரைவுக்குப் போகும் அன்றே மனைவியையும் அழைத்துச் சென்று பின்னிருக்கையில் அமர்த்தி ஓட்டிக் காட்டுங்கள். திரும்பி வந்து இறங்கியதும் "எப்படி இருந்தது" என்று கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும் வரை விற்பனையாளரைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.