வெள்ளமும் வறட்சியும் எப்படி ஒரே காரணத்தால்?

பூமி சூடாகிறது என்றால் ஓரிடத்தில் வெள்ளமும் இன்னோரிடத்தில் வறட்சியும் எப்படி வரும் என்று நண்பர் மடக்கியதாக எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். சூடு ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும். அந்த ஈரத்தை மண்ணிலிருந்தும் உறிஞ்சிக்கொள்ளும், அதனால் மழை தப்பிய இடம் சீக்கிரம் காய்ந்துபோகும், மழை பிடித்த இடத்தில் மொத்தமாகக் கொட்டித் தீர்க்கும்.

அவருக்குக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவைக் காட்டுங்கள். 2021 ஜூனில் லிட்டன் என்ற சின்ன ஊரில் 49.6 டிகிரி செல்சியஸ், மறுநாளே காட்டுத்தீயில் ஊரின் பெரும்பகுதி சாம்பல். அதே மாகாணத்தில் நவம்பரில் வெள்ளம் நெடுஞ்சாலைகளை அடித்துக்கொண்டு போனது!

அப்புறம், பூமி ஒரு டிகிரி சூடாகிறது என்றால் அது வெறும் சராசரி. கடலைவிட நிலம் வேகமாகச் சூடாகிறது, ஆர்க்டிக் பகுதி இன்னும் வேகம்.