மோர்க்குழம்பு ஆங்கிலத்தில் உளறுகிறது!

கேள்வி: ஐயா, 2004 முதல் என் மாமியார் சொல்லச் சொல்ல, பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து ஒரு சமையல் மென்பொருளில் சேர்த்துவைத்தேன். மொத்தம் 340 குறிப்புகள். அந்த மென்பொருளை நிறுவனமே கைவிட்டுவிட்டது. இப்போது பழைய மடிக்கணினியில் மட்டும் ஓடுகிறது. என் மகள் பாப்ரிகா என்ற சமையல் குறிப்புச் செயலியை வைத்திருக்கிறாள். அதற்கு மாற்றிப் பார்த்தோம். மோர்க்குழம்பு முழுவதும் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாக வருகிறது. எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்யத்தான் வேண்டுமா?
– வாசகி, திருச்சி

பதில்: வேண்டவே வேண்டாம். மாமியார் சொன்னதில் ஓர் எழுத்தும் தொலையவில்லை. பாமினியில் நீங்கள் தட்டியது உண்மையில் ஆங்கில எழுத்துகளைத்தான்; அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியது எழுத்துரு. நீங்கள் 'அம்மா' என்று பார்த்ததைக் கணினி எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் எழுதிவைத்திருக்கிறது. பாப்ரிகாவில் அந்தப் போர்வை இல்லை, அவ்வளவுதான். பாமினியை யூனிகோடாக, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடாக, மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஆனால் பழைய மென்பொருள் தந்த கோப்பை அப்படியே அள்ளி மாற்றியில் கொட்டிவிடாதீர்கள். அதற்குக் கண் கிடையாது. கோப்பில் 'தலைப்பு', 'தேவையானவை' என்பதற்கெல்லாம் மென்பொருள் போட்டிருக்கும் ஆங்கிலக் குறிச்சொற்களையும் அது தமிழாக்கிவிடும். பிறகு பாப்ரிகாவுக்குத் தலை எது, வால் எது என்று தெரியாது. நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிய 'பேக்கிங் பவுடர்' கூட வாயில் நுழையாத தமிழாகிவிடும். குறிச்சொற்களுக்கு நடுவில் இருப்பதை மட்டும் மாற்ற வேண்டும். அக்கம்பக்கத்தில் பைத்தான் என்ற நிரல்மொழி படிக்கும் கல்லூரிப் பிள்ளை இருந்தால் கூப்பிட்டு, ஒரு தட்டு பஜ்ஜியோடு உட்கார வையுங்கள். ஒரு மாலை நேர வேலை.

மாற்றியதைச் சேமிக்கும்போது, யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யு.டி.எஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். நான் ஒருமுறை அவசரத்தில், தமிழுக்கு இடமில்லாத பழைய முறையான 'ஆன்சி' என்று சேமித்தேன். என் மனைவியின் 60 குறிப்புகளும் வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகளாயின. பாமினி உளறலையாவது மீட்கலாம். கேள்விக்குறியை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. அந்த வாரம் வீட்டில் என்ன சாப்பிட்டேன் என்று கேட்காதீர்கள்.

340 குறிப்புகளையும் ஒரே மூச்சில் ஏற்றாமல் முதலில் பத்தை மட்டும் ஏற்றிப் பாருங்கள். சுலபமான பத்து அல்ல, தொல்லை பிடித்த பத்து. 'பொடிக்கு', 'குழம்புக்கு' என்று இரண்டு பட்டியல் உள்ள வத்தக்குழம்பு, படம் சேர்த்த அதிரசம், அரை, கால் என்று பின்னம் நிறைந்த மைசூர்பாகு, ஓரத்தில் 'புளி பழையதானால் குறைத்துப் போடு' என்று மாமியார் சொன்னதைக் குறித்துவைத்த ரசம். இடம் மாறும்போது முதலில் காணாமல் போவது இந்த ஓரக்குறிப்புகள்தான். '340 குறிப்புகள் ஏற்றப்பட்டன' என்று திரையில் வருவதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அது தலையை எண்ணியிருக்கிறது, உள்ளே இருப்பதைப் பார்க்கவில்லை.

பத்தும் ஏறியபின் தேடல் கட்டத்தில் 'கொத்தமல்லி' என்று அடித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற குறிப்பு தேடலில் வரவில்லை என்றால் கோளாறு 'கொ'வில் இருக்கிறது. யூனிகோடில் இந்த ஒகரக் குறியை ஒரே துண்டாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு துண்டாகவும் எழுதலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பாமினியிலோ கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டியிருப்பீர்கள். அரைகுறை மாற்றிகள் அதை அப்படியே விட்டுவிடுகின்றன. இரண்டு துண்டை ஒன்றாகச் சேர்க்கும் வடிவத்துக்கு என்.எஃப்.சி. என்று பெயர். பைத்தான் பிள்ளையிடம் 'என்.எஃப்.சி. வடிவத்துக்குக் கொண்டுவா' என்று சொல்லுங்கள். ஒரே வரி நிரல்.

இன்னொரு சங்கடம் நம் வழக்கத்தால் வருவது. நாம் 'துவரம்பருப்பு – 1 ஆழாக்கு' என்று எழுதுகிறோம். இந்த மென்பொருள்கள் ஆங்கில வழக்கப்படி வரியின் தொடக்கத்தில் எண்ணைத் தேடுகின்றன. எண் கடைசியில் இருந்தால், நாலு பேருக்கானதை எட்டுப் பேருக்குப் பெருக்கச் சொன்னாலும் பருப்பு ஒரே ஆழாக்கில் நிற்கும். இதற்காக மாமியாரின் நடையை 340 இடத்தில் திருப்பிப் போட வேண்டுமா? நான் செய்ய மாட்டேன். ஆழாக்கை இரண்டால் பெருக்க எனக்கு மென்பொருள் வேண்டாம். அடிக்கடி சமைக்கிற இருபது குறிப்புகளில் மட்டும் '1 ஆழாக்கு துவரம்பருப்பு' என்று மாற்றினால் போதும். ஆழாக்கைக் 'கப்' என்று மட்டும் திருத்திவிடாதீர்கள். ஊருக்கு ஊர் படி மாறியது போல வீட்டுக்கு வீடு ஆழாக்கும் மாறும். மாமியாரின் ஆழாக்கு இன்னும் வீட்டில் இருந்தால் தண்ணீர் ஊற்றி அளந்து, எத்தனை மில்லி என்பதை ஒரு தனிக் குறிப்பாகச் சேர்த்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் பாப்ரிகாவிலிருந்தே ஒரு நகல் எடுத்து வையுங்கள். அது தரும் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். உள்ளே குறிப்புக்கு ஒன்றாகச் சுருக்கிவைத்த, ஜேசன் என்ற பொது வடிவில் எழுதிய உரை. நாளைக்கு இதையும் விட்டு வேறிடம் போக நேர்ந்தால் கதவு திறந்தே இருக்கும். தந்தூர், மீலி போன்ற திறந்தமூல மென்பொருள்கள் இந்தக் கோப்பை வாங்கிக்கொள்கின்றன. பழைய மடிக்கணினியை அடுத்த போகிக்குக் கழித்துவிடாதீர்கள். இன்னும் ஓர் ஆண்டு ஆயுதபூஜையில் பொட்டு வாங்கட்டும்.

கேள்வி: எல்லாவற்றையும் பி.டி.எஃப். ஆக்கி வைத்தால் போதாதா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: அச்சடித்து அடுக்களையில் மாட்டப் போதும். மறுபடி மென்பொருளுக்குள் கொண்டுபோக உதவாது. பி.டி.எஃப்.பிலிருந்து தமிழை நகலெடுத்து ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறுவதைப் பார்த்திருப்பீர்கள்.

கேள்வி: சில இணையதளங்களின் முகவரியை ஒட்டினால் குறிப்பு தானாகவே மென்பொருளுக்குள் வருகிறது. சிலவற்றில் வருவதில்லையே?
– வாசகி, ஈரோடு

பதில்: கூகுள், பிங், யாஹூ மூன்றும் சேர்ந்து 2011இல் 'ஸ்கீமா' என்ற பொதுக் குறியீட்டைக் கொண்டுவந்தன. 'இது பொருள்', 'இது செய்முறை', 'இது நேரம்' என்று பக்கத்தின் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் சீட்டு ஒட்டும் முறை. சீட்டு ஒட்டிய பக்கத்தை மென்பொருள் சுலபமாகப் படித்துவிடும். ஒட்டாத பக்கத்தில், குறிப்புக்கு முன்னால் பாட்டி வீட்டுக் கொல்லைப்புறத்தைப் பற்றி நாலு பத்தி எழுதியிருந்தால், எங்கே கதை முடிந்து எங்கே கடுகு தாளிக்கத் தொடங்குகிறது என்று அதற்குப் புரிவதில்லை.