மேடையில் எதுவரை பேசலாம்? வாசகர் கேள்விகளுக்கு ஒரு பெங்களூர் வக்கீலின் பதில்கள்

கேள்வி (ஹலசூரு வாசகர்): மேடையில் எதிர்க்கட்சிக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டுகிறார்கள். கேட்க நாதியில்லையா மேடம்?

பதில்: திட்டுவது அசிங்கம்தான். ஆனால் அசிங்கமான பேச்செல்லாம் குற்றமாகிவிடாது. எந்தெந்தக் காரணத்துக்காகப் பேச்சுரிமைக்கு வரம்பு போடலாம் என்று அரசியல் சட்டத்தின் 19(2) எண்ணிச் சொல்கிறது. பொது ஒழுங்கு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் என்று போகும் அந்தப் பட்டியலில் ‘மரியாதைக் குறைவு’ கிடையாது. மனம் புண்பட்டது என்று உடனே ஸ்டேஷனுக்கு ஓடுபவர்கள் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படிக்க வேண்டும். பேச்சின் விளைவைத் திடமான, நிதானமான மனம் உள்ளவரை வைத்து அளக்க வேண்டும், எதைக் கேட்டாலும் பதறுகிறவரை வைத்து அல்ல என்றது.

பொய்ப் பழி சுமத்தினால் கதை வேறு. அது அவதூறு, பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 356. மதம், சாதி, மொழி சொல்லிப் பகை மூட்டினால் 196, மூன்றாண்டு வரை சிறை. 1991 டிசம்பரில் காவிரியின் பெயரால் இந்த ஊரில் தமிழர்கள் பட்டதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். யாருடைய மேடையானாலும் மொழியை இழுக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் தெருக்கோடியில் கண்டனக் கூட்டம் போடலாமா?

பதில்: போராட்டம், ஊர்வலம் என்றால் 2021 போலீஸ் உத்தரவுப்படி ஃபிரீடம் பார்க்தான். நெருக்கடி நிலையின்போது வாஜ்பாயும் அத்வானியும் அடைபட்டிருந்த பழைய மத்திய சிறை அது. அனுமதியை எழுத்தில் கேளுங்கள். முத்திரை போட்ட நகலை வாங்காமல் திரும்பாதீர்கள்.

கேள்வி: ராத்திரி மைக் எத்தனை மணி வரை?

பதில்: 10 மணி வரை. அப்புறம் காலை 6 வரை கூடாது.

கேள்வி (சிவாஜிநகர் இளைஞர்): ஒரு எம்.எல்.ஏ. கூட்டத்தில் நடுவில் எழுந்து கத்தினேன். வெளியே தள்ளிவிட்டார்கள். என் பேச்சுரிமை என்ன ஆயிற்று?

பதில்: தம்பி, உங்கள் மேல் கை வைத்தது தப்பு. கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அடுத்தவர் பேச்சு யார் காதிலும் விழாதபடி கத்திக்கொண்டே இருக்க உரிமை இல்லை. கேட்க வந்த இருநூறு பேருக்கும் உரிமை இருக்கிறதே. தேர்தல் சமயத்தில் இன்னும் கவனம் வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 127படி தேர்தல் கூட்டத்தைக் குலைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட. கூட்டத் தலைவர் கேட்டுக்கொண்டால் போலீஸ் உங்கள் பெயர், விலாசம் கேட்கலாம். சொல்ல மறுத்தால் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். தேர்தல் நடத்தை விதியோ, மாற்றுக் கட்சிக் கூட்டத்தில் கட்சிக்காரர்கள் கேள்வி கேட்டும் நோட்டீஸ் கொடுத்தும் இடைஞ்சல் செய்யக் கூடாது என்கிறது.

அதே இளைஞர்: கத்தாவிட்டால் யார் மேடம் கேட்கிறார்கள்? மரியாதை எல்லாம் எங்களுக்கு மட்டும்தானா?

பதில்: உங்கள் கோபம் நியாயம். 2020 செப்டம்பரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. அப்புறம் வருஷக்கணக்கில் வார்டில் போய்க் கேட்க ஒரு கவுன்சிலர் இல்லை. வாசலே இல்லாதவன் சுவரைத்தான் தட்டுவான். அதனால் முதல் பொறுப்பு மேடைக்காரர்களுக்குத்தான். கடைசி அரை மணி நேரத்தைக் கேள்விக்கு ஒதுக்கி, மைக்கைக் கீழே அனுப்ப வேண்டும்.

ஆனால் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு கட்சிக் கூட்டம். மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிய கேள்வியோடு உட்கார்ந்திருந்தார். வீட்டு வாசலில் சாக்கடை மூடி இல்லை, பேரன் விழுந்துவிட்டான். அவர் முறை வருவதற்குள் பின்வரிசையில் நாலு பேர் எழுந்து ‘ஒழிக’ போட, மேடைக்காரர்கள் பதிலுக்குக் கத்த, மைக்கை அணைத்துவிட்டார்கள். அந்தத் தாளை நாலாக மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். அன்று உண்மையில் வாயடைக்கப்பட்டவர் அவர்தான்.

கேள்வி: தெருவில் கண்டனக் கூட்டம் போட அனுமதி வேண்டுமா?

பதில்: மேலே சொல்லியாயிற்று. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: வீட்டு அட்வான்ஸைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறார் ஓனர்...

பதில்: இங்கே வேண்டாம். ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலை நேரில் பாருங்கள்.

கேள்வி (சிவாஜிநகர் இளைஞர்): மேடம், அந்த அம்மாவின் தாள் என்ன ஆயிற்று?

பதில்: மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் அதையே மனுவாக எழுதி வார்டு ஆபீசில் இருவரும் சேர்ந்து கொடுத்தோம். மூன்று வாரத்தில் மூடி போட்டார்கள். முத்திரை நகல் அவர் சாமி அலமாரியில் இருக்கிறது.