முதலில் வைக்கோலை நனையுங்கள்

கேள்வி: ஐயா, பெசன்ட் நகர் கடற்கரையில் சவாரிக்கு விடும் என் 9 வயதுப் பெண்குதிரைக்குப் பத்து நிமிடம் டிராட் (துள்ளோட்டம்) போனாலே மூச்சு வாங்குகிறது. காலையில் வைக்கோல் தின்னும்போது இருமுகிறது. ஹாரன் சத்தத்துக்கு மிரள்கிறது. மூச்சுப் பயிற்சி கொடுத்தால் எல்லாம் சரியாகும் என்கிறார் ஒருவர். கடைக்காரர் நுரையீரல் டானிக் தருகிறார். எதைச் செய்ய?

பதில்: குதிரைக்கு மூச்சை இழுக்கவும் அடக்கவும் யாரும் சொல்லித்தர முடியாது. அது மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் பிராணி. நாலுகால் பாய்ச்சலில் ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு, அவ்வளவுதான். ஓட்டிப் பழக்கினால் இதயமும் தசையும் வலுக்கும். நுரையீரல் அப்படி வலுக்காது.

பழக்க வேண்டியது உங்கள் மூச்சை. நடையில் போகும்போது நாலு அடிக்கு இழுத்து, ஆறு அடிக்கு விடுங்கள். நிறுத்தும் ஒவ்வொரு முறையும் முதலில் நீளமாக மூச்சை விட்டு, பிறகு கடிவாள வாரைப் பிடியுங்கள். முறை மாறாமல் செய்தால் சில வாரத்தில் நீங்கள் மூச்சை விட்டதுமே குதிரையின் நடை தளரும். அது தலையைத் தாழ்த்தி ‘புர்ர்’ என்று மூக்கைச் சிந்தினால் இறுக்கம் விட்டது என்று அர்த்தம். மிரட்சிக்கு இது உதவும். இருமலுக்கு உதவாது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது அந்த இருமலைப் பற்றித்தான். தின்னும்போது இருமினால் நான் முதலில் சந்தேகப்படுவது வைக்கோலை. ஒரு பிடி எடுத்து வெயிலுக்கு நேரே உதறிப் பாருங்கள், தூசி புகை மாதிரி கிளம்பும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த கட்டு என்றால் உள்ளே பூஞ்சணமும் இருக்கும். அதை நனைத்தும் பயனில்லை, குப்பைக்குத்தான். நல்ல வைக்கோலை முழுக்க மூழ்கும்படி அரைமணி நேரம் ஊறப்போட்டு, வடித்து, ஈரமாகவே போடுங்கள். சென்னை வெக்கையில் சீக்கிரம் புளித்துவிடும், அதனால் வேளைக்கு வேளை ஊறவையுங்கள். வடித்த தண்ணீரைக் குடிக்க வைக்காதீர்கள். வலையில் உயரக் கட்டித் தொங்கவிட வேண்டாம். தலை தாழ்ந்து தின்றால்தான் சளி வடியும். அதற்காக மணலில் கொட்டிவிடாதீர்கள், மணல் குடலில் சேர்ந்து வயிற்றுவலி வரும். அகலமான சிமெண்ட் தொட்டி போதும்.

குதிரை உள்ளே நிற்கும்போது லாயத்தைப் பெருக்காதீர்கள். தரையோடு குனிந்து முகர்ந்து பாருங்கள். மூத்திர நெடி உங்கள் கண்ணைக் கரித்தால் குதிரைக்கும் அப்படித்தான் கரிக்கும்.

குதிரையின் மூக்கைச் சுற்றிக் கட்டும் மூக்குப்பட்டையையும் பாருங்கள். நாசிக்கு மேலே மெத்தென்ற இடத்தில் அந்தப் பட்டை இறுகியிருந்தால் அதுவே மூச்சை அடைக்கும். எலும்பின்மேல் ஏற்றிக் கட்டுங்கள், இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

டானிக் வீண்செலவு. அதைவிட மோசம், ‘உடனே கேட்கும்’ என்று கடைக்காரரே எடுத்துத் தரும் ஸ்டீராய்டு ஊசி. இருமல் அடங்கும், குளம்புக்குள் வீக்கம் வந்து குதிரை நிற்கவே முடியாமல் போகலாம். மருத்துவர் கணக்குப் போட்டுத் தருவது வேறு, கடைக்காரர் தருவது வேறு.

விடிகாலையில், தீனிக்கு முன், விலாப்புறம் ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணி எழுதுங்கள். 8 முதல் 16 வரை சரி. ஓய்விலேயே 20ஐத் தாண்டினாலோ, மூச்சை விட விலாவை இறுக்கித் தள்ளினாலோ சவாரியை நிறுத்தி வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஓடி வந்தபின் கழுத்தடி வியர்க்காமல் காய்ந்தே இருந்தால் அதையும் சொல்லுங்கள். இந்தப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும், மூச்சு வாங்க அதுவும் ஒரு காரணம். அப்படி வியர்வை நின்றால் குதிரையை உடனே நிழலுக்கு இழுத்து, நிறுத்தாமல் தண்ணீரை ஊற்றுங்கள்.